இசைத்தட்டுகளை ஏசிய எழுத்தாளர்

நம் திங்களேடுகளின் கடைசிப் பக்கங்களில் மதிப்புரை என்றொரு பகுதி வருவதுண்டு. அதனைத் தொடர்ந்து படிப்போர் அதன் இலக்கணத்தை நன்கறிவர். நூலாசிரியரின் முயற்சி பாராட்டத்தக்கது, நடை எளியது, அட்டைப்படம் கண்ணைக் கவர்கிறது, அச்சுப் பிழைகள் சிலவற்றை அடுத்த பதிப்பில் களைந்துகொள்வார்களாக, ஒவ்வோர் இல்லத்திலும் இருக்க வேண்டிய நூல், விலை இவ்வளவு. எழுதியவர் நூலாசிரியரின் நண்பராக இருப்பார். அல்லது நண்பருக்கு நண்பராக இருப்பார். நூலின் பெயரையும் விலையையும் மாற்றிவிட்டால், அதே மதிப்புரையை வேறொரு நூலுக்கும் அச்சிட்டுவிடலாம். இதனால் எவருக்கும் மனவருத்தம் இல்லை, அந்த மதிப்புரையை நம்பி நூலை வாங்கியவரைத் தவிர.

இந்த வழக்கத்திற்கு நேர் மாறான பாதையில் நடந்து, பகையும் புகழும் ஒருங்கே தேடிக்கொண்ட ஒருவரைப் பற்றியது இக்கட்டுரை. அவர் நூல்களை மதிப்பிட்டவர் அல்லர், இசைத்தட்டுகளை மதிப்பிட்டவர். அமெரிக்க நாட்டினர். லெஸ்டர் பேங்ஸ் என்பது அவர் பெயர். 1969 முதல் 1982 வரை, 13 ஆண்டுகளே எழுதினார். அவர் எழுதிய ராக் இசை நம் இல்லங்களில் ஒலித்த இசையன்று. அதன் ஆரவாரம் நம்மில் பலருக்கு உவப்பாகவும் இராது. ஆயினும் அவருடைய வாழ்க்கை எழுப்பும் வினா இசையோடு நின்றுவிடுவதன்று. பிறர் படைப்பைக் கடுஞ்சொல்லால் தாக்கும் உரிமை ஒரு விமர்சகனுக்கு எங்கிருந்து வருகிறது?

இசையைக் குறை கூறி எழுதுவது புதிய தொழில் என்று எவரும் எண்ண வேண்டா. பத்தாம் நூற்றாண்டில் அபுல் ஃபரஜ் அல் இஸ்பஹானி தொகுத்த 'கித்தாபுல் அகானி' என்னும் பெருநூலில், பாக்தாத் அரசவைப் பாடகர்கள் ஒருவர் பாட்டை மற்றவர் குறை கூறிய செய்திகள் நிரம்பக் கிடக்கின்றன. கலீஃபாவின் மகனாகப் பிறந்து, தாமே சிறந்த பாடகராகவும் விளங்கிய இப்ராஹீம் இப்னு அல் மஹ்தியும், இசைப்புலவர் இஸ்ஹாக் அல் மவ்ஸிலியும், முன்னோர் அமைத்த மெட்டைப் பாடுகிறவன் தன் விருப்பம்போல் மாற்றலாமா கூடாதா என்று நெடுங்காலம் வழக்காடினர். ஆனால் அங்கே குறை கூறியவரும் கூறப்பட்டவரும் ஒரே அவையில் இருந்தார்கள். கேட்டவர்களும் அங்கேயே இருந்தார்கள். இசைத்தட்டு வந்த பிறகு நிலைமை மாறிற்று. பாடியவன் ஓர் ஊரில், கேட்பவன் வேறோர் ஊரில், இடையே ஒரு வணிகம் என்றாயிற்று. அந்த வணிகத்திற்கும் வாங்குபவனுக்கும் நடுவில் வந்து நின்றவனே இசைத்தட்டு விமர்சகன்.

1948 ஜூன் மாதத்தில் கொலம்பியா நிறுவனம் நிமிடத்திற்கு 33⅓ முறை சுழலும் எல்.பி. இசைத்தட்டை அறிமுகப்படுத்தியது. பழைய தட்டில் ஒரு பக்கத்திற்கு மூன்று நான்கு நிமிடங்களே அடங்கும். புதிய தட்டிலோ ஒரு பக்கத்தில் 20 நிமிடங்களுக்கு மேல் அடங்கிற்று. தனிப் பாட்டுகளாக விற்றவை தொகுப்பாக, ஏறக்குறைய ஒரு நூலைப்போல, விற்கத் தொடங்கின. நூல் என்று ஒன்று வந்துவிட்டால் மதிப்புரை என்று ஒன்றும் வந்தாக வேண்டுமல்லவா? அதே 1948ஆம் ஆண்டு டிசம்பர் 14 அன்று கலிபோர்னியா மாநிலத்தின் எஸ்கான்டிடோ என்னும் சிற்றூரில் லெஸ்டர் பேங்ஸ் பிறந்தார்.

தந்தை லாரி ஓட்டுநர். லெஸ்டர் சிறுவனாக இருந்தபோதே ஒரு தீ விபத்தில் மாண்டார். தாய், யெகோவாவின் சாட்சிகள் எனப்படும் கிறித்தவப் பிரிவைத் தீவிரமாகப் பின்பற்றியவர். கட்டுப்பாடு மிகுந்த அந்த வீட்டில், பையனுக்குக் கதவு திறந்துவிட்டவை இரண்டு: புத்தகங்களும் இசைத்தட்டுகளும். மைல்ஸ் டேவிஸ், ஜான் கோல்ட்ரேன், சார்லஸ் மிங்கஸ் ஆகிய கறுப்பினக் கலைஞர்களின் ஜாஸ் இசையில் அவர் மூழ்கினார். இந்தச் செய்தியை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். பின்னர் இது தேவைப்படும். சான் டியேகோ நகரை அடுத்த எல் கஹோன் என்னும் ஊரில் வளர்ந்து, கல்லூரிக்குச் சென்றுகொண்டே ஒரு காலணிக் கடையில் விற்பனையாளராக வேலை பார்த்தார்.

அந்நாளில் ராக் இசையைப் பொருட்படுத்தி எழுதும் ஏடுகள் அப்போதுதான் தோன்றியிருந்தன. 1966இல் பால் வில்லியம்ஸ் என்னும் 17 வயதுக் கல்லூரி மாணவர் 'கிராடாடி' என்ற இதழைத் தொடங்கினார். 1967 நவம்பரில் சான் பிரான்சிஸ்கோ நகரிலிருந்து 'ரோலிங் ஸ்டோன்' வெளிவந்தது. அதன் நிறுவனர் யான் வென்னருக்கு அப்போது வயது 21. வாசகர்களும் மதிப்புரை எழுதி அனுப்பலாம் என்று அவ்விதழ் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. அதனைக் கண்டு காலணிக் கடை ஊழியர் ஒரு மதிப்புரை எழுதி அனுப்பினார். வெளியிட முடியாதென்றால், ஏன் முடியாதென்று எனக்குச் சொல்லியாக வேண்டும் என்ற பொருள்பட ஒரு குறிப்பையும் உடன் வைத்தார். 1969 ஏப்ரலில் அது அச்சேறியது.

அவர் தாக்கியது டெட்ராய்ட் நகரத்து எம்.சி. ஃபைவ் குழுவின் முதல் இசைத்தட்டை. 1968 அக்டோபர் இறுதியில் அந்நகரின் கிராண்டே அரங்கில் மக்கள் முன்னிலையில் பதிவு செய்யப்பட்டது அது. புரட்சி வெடிக்கப் போகிறது, அதற்கு முரசு கொட்டுவோர் இவர்களே என்று விளம்பரங்கள் முழங்கின. இதே ரோலிங் ஸ்டோன் இதழும் அக்குழுவினரை அட்டையில் ஏற்றிச் சிறப்பித்திருந்தது. பேங்ஸோ, இது பழைய சரக்கு, ஆர்ப்பாட்டம் என்னும் உறையில் சுற்றி விற்கப்படுகிறது, என்றார். விளம்பரத்தைக் கழித்துவிட்டு இசையை மட்டும் கேட்டால் எஞ்சுவது என்ன என்பதே அவர் கேட்ட கேள்வி.

இதில் வியப்பு யாதெனில், அந்தத் தீர்ப்பு நிலைக்கவில்லை. பின்னாளில் பேங்ஸ் அந்தக் குழுவின் ஊருக்கே குடியேறினார். ஆலைச் சங்கொலியும் வேலையின்மையும் 1967ஆம் ஆண்டுக் கலவரத்தின் வடுக்களும் நிறைந்த டெட்ராய்ட்டில் வாழ்ந்த பிறகு, அந்த இரைச்சலுக்குப் பொருள் இருந்ததை உணர்ந்தார். தம் பழைய கருத்து தவறு என்பதை மறைக்காமல் அக்குழுவை ஆதரித்து எழுதினார். அதற்குள் அந்தக் குழு நொடித்துப் போயிருந்தது. அதற்குக் காரணம் பேங்ஸின் மதிப்புரை அன்று. தட்டில் இடம்பெற்ற ஒரு வசைச்சொல்லுக்காக ஹட்சன்ஸ் என்னும் பெருங்கடை அதனை விற்க மறுத்தது. குழுவினர் அக்கடையைத் திட்டி விளம்பரம் வெளியிட்டனர். இசைத்தட்டு நிறுவனம் அவர்களைக் கைவிட்டது.

இதே கதை மறுமுறையும் நடந்தது. 1970இல் இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரத்துத் தொழிலாளர் குடும்ப இளைஞர்கள் நால்வர் 'பிளாக் சாபத்' என்ற பெயரில் தம் முதல் இசைத்தட்டை வெளியிட்டனர். கிதார் இசைத்தவர் தகட்டுப் பட்டறையில் வேலை செய்தபோது இரு விரல்களின் நுனிகளை இழந்தவர். பேங்ஸ் ரோலிங் ஸ்டோன் இதழில் அத்தட்டைத் தூக்கி எறிந்தார். வேறொரு குழுவின் மட்டமான நகல் என்றார். மக்கள் அந்த மதிப்புரையைச் சட்டை செய்யாமல் வாங்கினர். இரண்டே ஆண்டுகளில், 1972இல், அதே பிளாக் சாபத்தைப் பற்றிப் பேங்ஸ் நீண்ட கட்டுரையொன்று எழுதினார். வெறும் கூச்சல் என்று மற்றவர்கள் ஒதுக்கிய அந்த இசையில், போரையும் அழிவையும் அஞ்சும் ஒரு தலைமுறையின் அறச்சீற்றம் ஒலிப்பதாக அதில் வாதிட்டார்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். விமர்சகர் கருத்தை மாற்றிக்கொண்டால், அவருக்கு நிலையான அளவுகோல் இல்லை என்று எள்ளுவது எளிது. பேங்ஸின் பகைவர்கள் அப்படித்தான் எள்ளினர். என் கருத்து வேறு. நூறு பேர் முன்னிலையில் ஒருவனை ஏசிவிட்டு, தனியே அவனிடம் வருந்துகிறேன் என்று சொல்வோர் உண்டு. ஏசிய அதே அரங்கில், அதே உரத்த குரலில் திருத்திச் சொல்வோர் மிகச் சிலரே.

இனிப் பணத்தின் கதைக்கு வருவோம். இசை ஏடுகளுக்கு வருவாய் தந்தவை யாவை? பெரும்பாலும் இசைத்தட்டு நிறுவனங்களின் விளம்பரங்களே. முன்பக்கத்தில் ஒரு தட்டுக்கு முழுப்பக்க விளம்பரம். பின்பக்கத்தில் அதே தட்டைப் பற்றி மதிப்புரை. நிறுவனங்கள் விமர்சகர்களுக்குத் தட்டுகளை இலவசமாக அனுப்பின, விருந்துகளுக்கு அழைத்தன, விமானப் பயணச்சீட்டும் வாங்கித் தந்தன. விருந்தை உண்டவன் சமையலைக் குறை கூறத் தயங்குவது இயல்பு. பேங்ஸ் விருந்தையும் உண்டார். சமையலையும் குறை கூறினார். 1973இல் 'கேன்ட் ஹீட்' என்ற குழுவின் இசைத்தட்டைப் பற்றி அவர் எழுதிய கேலி மதிப்புரை யான் வென்னருக்குப் பொறுக்கவில்லை. இசைக்கலைஞர்களுக்கு மரியாதை தரவில்லை என்ற குற்றச்சாட்டின்பேரில், இனி ரோலிங் ஸ்டோன் இதழுக்கு எழுத வேண்டா என்று விலக்கப்பட்டார்.

அதற்கு முன்பே வேறோர் இடம் அவருக்குக் கிடைத்திருந்தது. 1969இல் டெட்ராய்ட்டில் பேரி கிரேமர் முதலியோர் தொடங்கிய 'கிரீம்' இதழில் அவர் 1971 முதல் 1976 வரை பணியாற்றினார். ஊதியம் சொற்பம். கொஞ்ச காலம் ஆசிரியர் குழுவினர் அனைவரும் ஊருக்கு வெளியே ஒரு பண்ணை வீட்டில் ஒன்றாகத் தங்கி இதழை நடத்தினர். சண்டைக்குக் குறைவில்லை. ஆனால் நீளமாக எழுதாதே, இவரைத் தொடாதே என்று சொல்வார் அங்கில்லை. பேங்ஸின் சிறந்த எழுத்துகளும் மோசமான எழுத்துகளும் அங்கேதான் பிறந்தன.

வேடிக்கையான ஒன்றைக் குறிப்பிடுகிறேன். 'கவுன்ட் ஃபைவ்' என்ற பெயரில் ஒரு சிறு குழு இருந்தது. 1966இல் ஒரே ஒரு தொகுப்பை வெளியிட்டுவிட்டுக் காணாமற் போயிற்று. 1971இல் பேங்ஸ் அக்குழுவைப் பற்றி எழுதிய கட்டுரையில், அந்தத் தொகுப்புக்குப் பின் அவர்கள் வெளியிட்ட இசைத்தட்டுகளையும் ஒவ்வொன்றாக மதிப்பிட்டார். பாட்டுகளின் பெயர், குறை நிறை எல்லாம் விரிவாகச் சொன்னார். அப்படி ஒரு தட்டும் உலகில் இல்லை! அத்தனையும் அவர் கற்பனை. கிடைக்காத தட்டைத் தேடிக் கடை கடையாக அலைந்த வாசகர்களை எண்ணினால் சிரிப்பும் வருகிறது, இரக்கமும் வருகிறது. இது மோசடியா? அப்படிச் சொல்வதற்கில்லை. கேட்காமலே மதிப்புரை எழுதும் தொழிலாளர்கள் மலிந்த துறையில், இல்லாத தட்டுக்கே மதிப்புரை எழுதிக் காட்டியதை ஒருவகைக் கிண்டலாகவே கொள்ள வேண்டும்.

1974இல் 'ஜே. கைல்ஸ்' குழுவினரின் கச்சேரி மேடையில், அவர்களுடைய அழைப்பின்பேரில், தட்டச்சுப் பொறியோடு ஏறினார். பல்லாயிரவர் பார்த்திருக்க, தாளத்துக்கு ஏற்ப விசைகளைத் தட்டி அந்தக் கச்சேரிக்கே மதிப்புரை எழுதினார். முடிவில் அந்தப் பொறியை உடைத்தும் போட்டார். விமர்சகனும் கலைஞனே என்று காட்டும் ஆசை அவரை விடவேயில்லை. பின்னாளில் தாமே பாடி இசைத்தட்டும் வெளியிட்டார். 1981இல் வந்த அந்தத் தட்டு விற்பனையில் பெரிதாகச் சாதிக்கவில்லை.

அவருடைய நெடும்பகை, அல்லது நெடுங்காதல், லூ ரீட் என்னும் பாடகரோடு. இருவரும் நேர்காணல் என்ற பெயரில் சந்தித்து ஒருவரையொருவர் திட்டிக்கொள்வர். அது அப்படியே அச்சாகும். 1975இல் லூ ரீட், பாட்டும் தாளமும் ஏதுமின்றி, கிதார்களின் எதிரொலி இரைச்சலை மட்டும் ஒரு மணி நேரத்துக்கு மேல் பதிவு செய்து இரட்டைத் தட்டாக வெளியிட்டார். வாங்கியவர்கள் கடைக்குத் திருப்பிக் கொண்டுவந்தனர். பேங்ஸ் மட்டும் 1976இல், இதுவரை வெளிவந்த இசைத்தட்டுகளிலேயே தலைசிறந்தது இதுதான் என்று தலைப்பிட்டு எழுதினார். பாதி கேலி, பாதி உண்மை. இதே லூ ரீட் 1978ஆம் ஆண்டின் மேடைத் தொகுப்பு ஒன்றில், தட்டுகளுக்குப் பள்ளிக்கூடத்தைப்போல மதிப்பெண் போடுகிறவர் என்று விமர்சகர் ராபர்ட் கிறிஸ்ட்காவைப் பெயர் சொல்லி ஏசினார். கிறிஸ்ட்கா அசரவில்லை. என் பெயரைச் சரியாக உச்சரித்தமைக்கு நன்றி என்று எழுதி, அத்தொகுப்புக்குச் 'சி பிளஸ்' மதிப்பெண் வழங்கினார். பண்பட்ட பழிவாங்கல் என்றால் இதுவன்றோ!

பேங்ஸிடம் இத்தகைய நிதானம் இருந்ததில்லை. அவர் எழுத்தில் மன்னிக்க இயலாத பகுதிகளும் உண்டு. மென்மையான பாடல்களால் புகழ்பெற்ற ஜேம்ஸ் டெய்லரைப் பற்றி 1971இல் எழுதிய கட்டுரைக்கு, அவர் சாவுக்குக் குறிக்கப்பட்டவர் என்ற பொருளில் தலைப்பு வைத்தார். உடைந்த புட்டியால் அந்தப் பாடகரைக் குத்துவதாகக் கற்பனை செய்தும் எழுதினார். ஜேம்ஸ் டெய்லர் மனநோய் மருத்துவமனையில் இருந்து மீண்டவர், போதைப்பழக்கத்தோடு போராடியவர். அந்தக் கட்டுரையை நகைச்சுவை என்று இன்றும் சிலர் கொண்டாடுகின்றனர். பாட்டு பிடிக்கவில்லை என்று சொல்வதற்கும் பாடியவன் உடம்பில் இரத்தம் காண விரும்புவதற்கும் இடையே உள்ள தூரத்தை அதில் பேங்ஸ் மறந்தார் என்றே நான் சொல்வேன். அவரைப் பார்த்து எழுத வந்தவர்கள் பெரும்பாலோர் கற்றுக்கொண்டதும் இந்த ஒரு பாடத்தைத்தான்.

1976இல் அவர் நியூயார்க் நகருக்குக் குடிபெயர்ந்தார். மன்ஹாட்டனின் தென்பகுதியில் பங்க் என்னும் புதிய இசை அப்போது கிளர்ந்துகொண்டிருந்தது. அதன் பெயரைப் பரப்பியவர்களுள் முதன்மையானவர் என்று பேங்ஸையே சொல்வர். அந்த இசைஞர்கள் அவருடைய நண்பர்கள். அந்தக் கூடங்களில் அவருக்குத் தனி மதிப்பு. நாகரிகப் பூச்சு எதுவும் வேண்டா, எதையும் எவரையும் எள்ளலாம் என்பது அந்த வட்டத்தின் கொள்கை. ஹிட்லர் கட்சியின் சின்னத்தைச் சட்டையில் குத்திக்கொண்டு திரிவதும், கறுப்பு மக்களையும் யூதர்களையும் குறிக்கும் இழிசொற்களை வேடிக்கைபோலப் பேசுவதும் அங்கே நாளடைவில் வழக்கமாயின. நாங்கள் எவரையும் வெறுக்கவில்லை, அதிர்ச்சி தரவே அப்படிச் செய்கிறோம் என்பார்கள்.

1979 ஏப்ரல் இறுதியில் நியூயார்க்கின் 'வில்லேஜ் வாய்ஸ்' வார இதழில் பேங்ஸ் எழுதிய கட்டுரை, அந்த வட்டத்தையே பெயர் சொல்லிக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிற்று. தம் வீட்டில் நடந்த ஒரு கூடலில் தாம் கறுப்பினப் பாடகர் ஓட்டிஸ் ரெட்டிங்கின் தட்டை வைத்தபோது, விருந்தினர் சிலர் இழிசொல் கூறி அதை நிறுத்தச் சொன்னதை எழுதினார். அந்த வட்டத்துக்குள்ளேயே இருந்த கறுப்பினக் கிதார் கலைஞர் ஐவன் ஜூலியன் போன்றோரிடம், உங்களுக்கு இங்கே எப்படி இருக்கிறது என்று கேட்டு எழுதினார். ராக் இசை முழுவதும் கறுப்பு மக்களின் இசையிலிருந்து பிறந்தது. அப்படியிருக்க அதை இசைக்கும் வெள்ளை இளைஞர் கூட்டத்தில் ஒரு கறுப்பு முகத்தைக் காண்பதே அரிதாகிவிட்டது எப்படி என்று கேட்டார். மிங்கஸையும் கோல்ட்ரேனையும் கேட்டு வளர்ந்த பையனுக்குக் கேட்காமல் இருக்க முடியாத கேள்வி அது.

இவ்வளவோடு நின்றிருந்தால் அது பிறரைத் தாக்கும் மற்றொரு கட்டுரையாகவே இருந்திருக்கும். பேங்ஸ் தம்மையும் அதே கூண்டில் நிறுத்திக்கொண்டார். கிரீம் இதழின் நாட்களில் அதே இழிசொற்களைத் தாமே அச்சிலும் பேச்சிலும் வீசியதை எடுத்துக் காட்டினார். இழிசொல்லை ஓயாமல் உச்சரித்தால் அதன் நஞ்சு முறிந்துவிடும் என்று தாம் எண்ணியிருந்ததாகவும், நஞ்சு முறியவில்லை, கேட்ட மனிதரின் நெஞ்சில்தான் தைத்தது என்றும் ஒப்பினார். சொல்பவனின் உள்நோக்கம் எதுவாயினும், அந்தச் சொல் வெளியே போனபின் அதை எவனும் எதற்கும் பயன்படுத்திக்கொள்வான் என்பதைத் தாம் காலந்தாழ்ந்து உணர்ந்ததாகவும் எழுதினார். நண்பர்கள் பலர் சினந்தனர், காட்டிக்கொடுத்துவிட்டான் என்றனர். 10 ஆண்டுகளாக முன்பின் அறியாத பாடகர்களை ஏசியபோது அவருக்கு நேர்ந்த இழப்பு ஒரு வேலை மட்டுமே. அன்றாடம் உடன் இருந்து பழகியவர்களை ஏசியபோதுதான் கடுஞ்சொல்லின் முழு விலையையும் கொடுத்தார். முன்னே நான் எழுப்பிய வினாவுக்கு விடை இருக்குமாயின், அது இந்தக் கட்டுரையில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

அன்பு செலுத்தவும் அவருக்குத் தெரியும் என்பதையும் சொல்லியாக வேண்டும். 1977 ஆகஸ்டில் எல்விஸ் பிரெஸ்லி இறந்தபோது எழுதிய இரங்கலுரையில், ஒரு நாட்டு மக்கள் அனைவரும் ஒருசேர ஒருவரை நேசிப்பது இனி நடவாது என்ற ஏக்கமே மேலோங்கி நிற்கிறது. 1979இல் வான் மாரிசன் என்னும் அயர்லாந்துப் பாடகரின் 1968ஆம் ஆண்டுத் தொகுப்பைப் பற்றி எழுதிய கட்டுரையோ, தம் வாழ்வின் இருண்ட காலத்தில் ஓர் இசைத்தட்டு தம்மைத் தாங்கிப் பிடித்த வரலாறு. வசையே அறியாத எழுத்து அது.

உடல் அவர் சொற்படி நடக்கவில்லை. குடியும் மருந்துகளும் இளமை முதலே அவரைப் பற்றியிருந்தன. 1982 ஏப்ரல் 30 அன்று நியூயார்க்கில் தம் அறையில் இறந்து கிடந்தார். காய்ச்சலுக்கென்று தாமே உட்கொண்ட மருந்துகள் ஒன்றோடொன்று சேர்ந்து உயிரைக் குடித்துவிட்டன. வயது 33. அவருடைய கட்டுரைகள் நூலாக வந்தது 1987இல், நண்பர் கிரெய்ல் மார்கஸ் தொகுத்தபோதுதான்.

அவர் வழிவந்தோர் என்று சொல்லிக்கொண்டவர்கள் பிறகு பெருகினர். 1990களின் நடுவில் மினியாபொலிஸ் நகரில் ரயன் ஷ்ரைபர் என்ற இளைஞர் தொடங்கிய 'பிட்ச்ஃபோர்க்' என்னும் இணைய இதழ், தட்டுகளுக்குப் பத்துக்கு இத்தனை என்று தசமப் புள்ளியோடு மதிப்பெண் போட்டது. 2003இல் லிஸ் ஃபேர் என்னும் பாடகியின் தொகுப்புக்கும், 2004இல் டிராவிஸ் மாரிசன் என்பவரின் தொகுப்புக்கும் முழுப் பூச்சியம் கிடைத்தது. பின்னவரின் தட்டை விற்க விரும்பாத கடையும் இருந்ததாம். லிஸ் ஃபேருக்குப் பூச்சியம் போட்ட மேட் லமே 2019இல் அவரிடம் வெளிப்படையாக வருத்தம் தெரிவித்தார். அந்தப் பாடகியும் பெருந்தன்மையோடு ஏற்றார். 16 ஆண்டுகள் தாமதமானாலும் அதைக் குறைத்துப் பேச மாட்டேன். பேங்ஸின் பக்கங்களில் ஒரு தட்டை ஏன் வெறுக்கிறேன் என்று விளக்கப் பல பத்திகள் இருந்தன. இங்கே பூச்சியம் என்ற ஓர் எண்ணே ஊர் முழுதும் பரவிற்று. கீழே எழுதியிருந்ததைப் படித்தவர் எத்தனை பேரோ!

உண்மையான வாரிசு என்று நான் கருதுவது வேறொருவரை. 1982 ஏப்ரல் 14 அன்று, அதாவது பேங்ஸ் இறப்பதற்கு இரண்டு வாரங்களுக்கு முன், ஜிம் டிரோகாடிஸ் என்ற பள்ளி மாணவர் வகுப்புப் பணிக்காக அவரை நேர்காண வந்தார். புகழ்பெற்ற எழுத்தாளர் அந்தப் பையனோடு பொறுமையாக அமர்ந்து பேசினார். பையனும் வளர்ந்து இசை விமர்சகர் ஆனார். 2000ஆம் ஆண்டில் பேங்ஸின் வாழ்க்கை வரலாற்றையும் எழுதினார். அதற்கு முன் 1996இல் அவர் ரோலிங் ஸ்டோன் இதழில் பணிபுரிந்தபோது, பல இலட்சம் தட்டுகள் விற்ற ஹூட்டி அண்டு தி புளோஃபிஷ் குழுவின் புதிய தொகுப்பைக் குறை கூறி எழுதினார். அதே யான் வென்னர் அந்த மதிப்புரையை நிறுத்தி, வேறொருவரின் பாராட்டுரையை வெளியிட்டார். உங்கள் முதலாளி அந்தக் குழுவின் இரசிகரா என்று ஒரு செய்தித்தாள் கேட்டதற்கு, அதிகம் விற்கும் எல்லாக் குழுவுக்கும் அவர் இரசிகர்தாம் என்று டிரோகாடிஸ் பதில் சொன்னார். வேலை போயிற்று. பேங்ஸ் விலக்கப்பட்டு 23 ஆண்டுகள் கழிந்திருந்தன.

அவர் சிகாகோ சன் டைம்ஸ் நாளேட்டுக்குத் திரும்பினார். அந்நகரின் பெருமை என்று கொண்டாடப்பட்ட பாடகர் ஆர். கெல்லியின் தொகுப்பு ஒன்றுக்கு மதிப்புரை எழுதியபின், அப்பாடகர் சிறுமியரிடம் முறைகேடாக நடந்துகொள்கிறார் என்று பெயரில்லாத ஒரு செய்தி அவருக்கு வந்தது. இசை விமர்சகருக்கு இது வேலையன்று என்று அவர் தள்ளிவிடவில்லை. நீதிமன்ற ஆவணங்களைத் தேடி எடுத்து, சக செய்தியாளர் ஒருவருடன் சேர்ந்து 2000 டிசம்பரில் அச்செய்தியை வெளியிட்டார். ஏனைய இசை ஏடுகள் பெரும்பாலும் கெல்லியின் தட்டுகளைத் தொடர்ந்து பாராட்டிக்கொண்டே இருந்தன. 2002 பிப்ரவரியில் அனுப்பியவர் பெயரில்லாமல் ஓர் ஒளிநாடா டிரோகாடிஸுக்கு வந்தது. அவருடைய நாளேடு அதனைக் காவல்துறையிடம் ஒப்படைத்தது. 2008இல் சிகாகோ நீதிமன்றம் கெல்லியை விடுதலை செய்தது. டிரோகாடிஸ் எழுதுவதை நிறுத்தவில்லை. 2021 செப்டம்பரில் நியூயார்க் நீதிமன்றம் கெல்லியைக் குற்றவாளி எனக் கண்டு, 2022 ஜூனில் 30 ஆண்டுச் சிறைத்தண்டனை விதித்தது.